தங்கதுரை என்ற பெயரில் ஒரு கட்டி

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் வழியில் ஒரு சின்ன நிறுத்தத்தில் இறங்கி, ராசு மேஸ்திரி வீடு எது என்று கேட்டால், "எந்தச் சுவரு நேரா நிக்குதோ அந்த வூடு" என்று பதில் வரும். அது கொஞ்சம் மிகை. அந்தப் பதிலை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே ராசுதான்.

ஐம்பத்து மூன்று வயது. பதினான்கில் கல் தூக்கப் போனார், பதினெட்டில் கொத்துக்கரண்டி பிடித்தார். பெங்களூரில் பத்து வருடம் அடுக்குமாடிகளைக் கட்டிவிட்டு, கொஞ்சம் கன்னடத்தையும் முழங்காலில் ஒரு தழும்பையும் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். மகள் சுபஸ்ரீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தவர், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "இந்த மூலை மட்டத்துக்கு வரலயே" என்று சொன்னதை மனைவி ரங்கம்மாள் இருபத்து நான்கு வருடமாக மன்னிக்கவில்லை.

சுவருக்கு அடுத்தபடியாக ராசு நம்பியது கேப்சூலை. பெங்களூரில் ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது, தெருமுனை மெடிக்கலில் யாரோ பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். மறுநாள் எழுந்து ஆறாவது மாடிக்குக் கான்கிரீட் போடப் போய்விட்டார். காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

அதிலிருந்து சளிக்கும் கேப்சூல், பல்வலிக்கும் கேப்சூல், சிமெண்டு பட்டுக் கை வெந்தாலும் கேப்சூல். தியாகதுருகத்தில் மெடிக்கல் வைத்திருக்கும் தீனதயாளன் சீட்டு எதுவும் கேட்க மாட்டார். "கழுத்துக்கு மேலயா, கீழயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கத்தரிக்கோலால் அட்டையில் நான்கை வெட்டித் தாள் கவரில் போட்டுக் கொடுப்பார். ராசு அதில் இரண்டைப் போடுவார். வலி குறைந்ததும் மீதி இரண்டும் சட்டைப் பையில் அடுத்த வியாதிக்காகக் காத்திருக்கும். ஒரு தடவை, மகள் படிப்புக்காக வெளியூரில் இருந்தபோது, ரங்கம்மாளின் கோழி தலை தொங்கி நின்றது கண்டு ஒரு கேப்சூலைப் பிரித்துப் பாதிப் பொடியைச் சோற்றில் பிசைந்து வைத்தார். மறுநாள் அது முட்டை போட்டது. அதற்கப்புறம் ராசுவிடம் யாராலும் பேச முடியவில்லை.

பேசிப் பார்த்தவள் சுபஸ்ரீ ஒருத்திதான். அவள் லேப் படிப்பு முடித்து, கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறாள். கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அப்பாவின் சட்டைப் பையில் கேப்சூலைப் பார்க்கும்போதெல்லாம் பத்து நிமிடம் திட்டுவாள். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதைப் போல ராசு கேட்டுக்கொண்டிருப்பார்.

போன செப்டம்பர் கடைசியில் அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் கருங்கல் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மேலே போனால் சனிக்கிழமை இறங்குவார். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈர வேட்டியோடு ஈரக் கல்மேல் நாள் முழுக்க உட்கார்ந்து கல் கொத்தியதில், ஒரு மனுஷன் உட்காரும்போது எந்த இடம் முதலில் பூமியைத் தொடுமோ, சரியாக அந்த இடத்தில் இடது பக்கம் ஒரு கட்டி கிளம்பியது.

மேஸ்திரி நின்றுகொண்டே சாப்பிடுவதை முதலில் கவனித்தவர், கலவை போடும் வேடியப்பன். பக்கத்து மலையூர்க்காரர். மேஸ்திரிக்கு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் ராசு. எந்தச் சாமிக்கு என்று கேட்டதற்கு, கலவையில் தண்ணி ஜாஸ்தி என்றார். சட்டைப் பையில் இருந்த இரண்டு பழைய கேப்சூல்களை விழுங்கிவிட்டுக் கல்லைக் கொத்தினார். கோலிக்குண்டாக இருந்தது மூன்றாம் நாள் எலுமிச்சம்பழமாக ஆனது.

புதன்கிழமையே மலையிறங்கினார். பஸ்ஸில் பன்னிரண்டு பேர். மற்ற இருக்கை எல்லாம் காலி. ராசு மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வளைவுக்கும் துணிக்கொடியில் போட்ட வேட்டியைப் போல ஆடினார். கண்டக்டர் அய்யப்பன் முதலில் மரியாதையாகச் சொன்னார், பிறகு கெஞ்சினார்.

"அண்ணே, சீட்டு பூரா காலியா இருக்குது. எதுக்கு நின்னுக்கினு வர்றீங்க?"

"நின்னா எனக்கு வாந்தி வராது."

"பதினஞ்சு வருசமா இந்த ரூட்ல வர்றேன். நின்னா தாங்க வரும்."

கோமுகி அணை தெரிகிற இடத்துக்கு வந்தபோது குறுக்கே ஒரு மாடு வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். ராசு பின்னால் பறந்துபோய், அதுவரை அவர் மறுத்துவந்த இருக்கையில், முழு எடையோடு, இடது பக்கமாக உட்கார்ந்தார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, ஆடு ஏதோ டயரில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அய்யப்பனும் இன்னும் இரண்டு பேரும் கீழே இறங்கி, குனிந்து சக்கரங்களுக்கு அடியில் தேடினார்கள். ராசுவும் இறங்கிப்போய் அவர்களோடு சேர்ந்து தேடினார். வேறு என்ன செய்வது?

தீனதயாளனிடம் நேரே போனார். கழுத்துக்குக் கீழே என்று சொன்னார். எவ்வளவு கீழே என்பதைச் சொல்லவில்லை. டபுள் பவர் என்று சொல்லி, விரல் நீளத்துக்கு ஒரு கேப்சூல் கிடைத்தது. கட்டி அதைச் சட்டை செய்யவே இல்லை.

சிமெண்டு லோடு வரவில்லை, அதனால் வேலை நிற்கிறது என்று வீட்டில் சொன்னார். நின்றுகொண்டு சாப்பிட்டால் சீக்கிரம் செரிக்கிறதாம், செல்போனில் பார்த்தேன் என்றும் சொன்னார். ரங்கம்மாள் அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

மறுநாள் அக்டோபர் இரண்டாம் தேதி. பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்தால் உட்காரச் சொல்கிறார்கள். ஷாமியானாவுக்கு அடியில் ஊரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, ராசு கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊராட்சித் தலைவர் ராணியம்மாள் வரவு செலவு வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மேஸ்திரி இன்னாவோ கேக்கணும்னு நிக்கிறாரு. கேளுங்க மேஸ்திரி."

ராசு ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். ஒன்றுமில்லாமலா நிற்கிறீர்கள், சொல்லுங்கள் என்றாள் ராணியம்மாள். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டிச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று, மனதில் முதலில் வந்ததைச் சொன்னார். உடனே தீர்மானம் எழுதப்பட்டது. கை தட்டினார்கள். உட்காருங்கள் என்றார்கள். ராசு நின்றார். தொட்டி மட்டும் போதாது போலிருக்கிறது என்று ராணியம்மாள் நினைத்துக்கொண்டு, ஓடைமேல் சிறுபாலத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். ராசு அப்போதும் நின்றார். மூன்றாவதாகக் காலனித் தெருவுக்கு இரண்டு விளக்குகள் என்று எழுதிய பிறகு, செயலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதுக்கு மேல நிதி இல்லீங்க மேஸ்திரி, தயவுசெஞ்சி உக்காருங்க" என்றார். ராசு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். பத்து வருடமாகக் கேட்டு நடக்காததை மேஸ்திரி ஒத்தை ஆளாக நின்று வாங்கிவிட்டார் என்று இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் தாங்க முடியவில்லை. மகளுக்குத் தெரியக் கூடாது என்பதால், அவளுடைய லேபிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், கள்ளக்குறிச்சியின் மறு கோடியில் ஒரு கிளினிக்கைத் தேடிப் பிடித்தார். பலகையில் டாக்டர் இளஞ்செழியன் என்று ஓர் ஆண் பெயர் இருந்ததும் ஒரு காரணம். நர்ஸ் பெயரைக் கேட்டபோது, ராசு என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கதுரை என்றார். தங்கதுரை என்பவர் திருக்கோவிலூர்ப் பக்கத்து மேஸ்திரி. அவர் கட்டும் சுவர் எதுவும் நேராக நிற்காது என்பது ராசுவின் கட்சி. அவமானம் வந்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்று நினைத்தார். போன் நம்பர் கேட்டபோது, அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். அதைச் சொன்னார்.

நர்ஸ் வந்து "தங்கதுரை" என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். காத்திருந்த எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். ராசுவும் சுற்றிப் பார்த்தார். எந்த மடையன் பெயர் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விட்டான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டுக்கொள்ளவும் செய்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் அந்த மடையன் யார் என்பது நினைவுக்கு வந்தது.

உள்ளே இளஞ்செழியன் இல்லை. ஊருக்குப் போயிருந்தார். அவர் மனைவி டாக்டர் விஜயலட்சுமி உட்கார்ந்திருந்தார். ராசு வாசலிலேயே நின்றுவிட்டார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தார். தலைவலிக்கு யாரும் இப்படி நடந்து வர மாட்டார்கள் என்றார் டாக்டர். இருபது நிமிடம் கழித்து ராசு குப்புறப் படுத்து, எதிரே இருந்த சுவரில் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கிளம்பும் ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியைக் கீறும்போது, இந்த ஜன்னலுக்கு மேலே கம்பி எத்தனை போட்டார்கள் என்று கேட்டார். மூச்சை இழுத்து விடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

சீழை எடுத்ததும், பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் அதில் கொஞ்சம் தொட்டுக் குழாயில் போட்டு மூடினார்கள். இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். ராசு சொல்லத் தொடங்கினார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், கோழி விஷயம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டார், பிறகு எடுத்து அதையும் எழுதினார். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படும் என்று லேபில் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை, அதுவரை தினம் வந்து கட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். எந்த லேப் என்று கேட்கத் தோன்றவில்லை. சேலத்துக்கு அனுப்புவார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுபஸ்ரீ வேலை முடிந்து வந்து, தோசையைப் பிய்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் ஒரு கேஸ் வந்திருக்கிறது என்றாள். பெயரெல்லாம் சொல்ல மாட்டாள், அது அவள் வழக்கம். ஐம்பத்து மூன்று வயது ஆண், உட்காருகிற இடத்தில் கட்டி.

கதவு நிலையில் சாய்ந்து தோசை தின்றுகொண்டிருந்த ராசுவுக்குப் புரை ஏறியது.

டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார், அந்த ஆள் முப்பது வருடமாகக் கேப்சூலைக் கடலை மாதிரி தின்றிருக்கிறாராம், கோழிக்கும் கொடுத்தாராம் என்றாள். ரங்கம்மாள் கோழிக் கூட்டின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "அந்த ஆளுக்கு வாக்கப்பட்டவ பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

ராசு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சுபஸ்ரீ அடுத்தபடியாக ஒரு சொல்லைச் சொன்னாள். அந்தக் கிருமிக்கு நல்ல தடிமனான சுவர் என்றாள்.

"கிருமிக்கா? சுவரா?"

ஆமாம், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது என்றாள். ராசு தோசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். செங்கல்லா, கருங்கல்லா என்று கேட்டார். சர்க்கரை என்றாள் அவள். சர்க்கரையில் நீளநீளமாக இழை இழுத்து, இழைக்கும் இழைக்கும் நடுவில் புரதத்தால் குறுக்கே பிணைத்து, வலை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கும். சர்க்கரைச் சுவர் என்றால் எறும்பு வராதா என்று ரங்கம்மாள் கேட்டாள். ராசு அவளைக் கையமர்த்தினார்.

சுபஸ்ரீக்கு ஆச்சரியம். ரேடியோ கேட்பது போலக் கேட்கிற அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அவள் தோசையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். கிருமிமேல் ஊதாச் சாயம் ஊற்றி, பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவுவார்கள். தடிச்சுவர்க் கிருமி சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஊதாவாகவே நிற்கும். மெல்லிய சுவர்க் கிருமி விட்டுவிடும், அதற்கப்புறம் ஊற்றுகிற ரோஸ் சாயத்தில் ரோஸாகத் தெரியும். ஆனால் மெல்லிய சுவர் என்று ஏமாந்துவிட முடியாது. அதற்கு வெளியே எண்ணெய்ப் பசை மாதிரி இன்னொரு சுற்று இருக்கிறது. பல மருந்துகள் அந்தச் சுற்றைத் தாண்டவே தாண்டாது.

"உள்ள வூட்டுச் சுவரு, வெளிய காம்பவுண்டு" என்றார் ராசு. "விவரமானதுங்க தான்."

அந்த ஆளின் கட்டியில் இருந்தது தடிச்சுவர் வகை. அந்த ஆள் தின்ற கேப்சூல்கள் சுவர்மேலேதான் வேலை செய்யும் என்றாள். இடிக்குமா என்று ராசு கேட்டார். இடிக்காது. கிருமி வளர வளரச் சுவரையும் பெரிசாக்கிக் கட்ட வேண்டும், புதிதாகப் போடும் இழைகளைப் பிணைக்கிற வேலையைச் செய்ய உள்ளே ஒரு கொத்தனார் மாதிரி ஒன்று இருக்கிறது. மருந்து போய் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். பிணைப்பு இல்லாத சுவர் பலம் இழந்து, உள்ளே இருக்கிற தண்ணி அழுத்தத்தில் கிருமி வெடித்துவிடும். நமக்கு அந்த மாதிரிச் சுவர் கிடையாது, அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது.

ராசுவின் முகம் மாறியது. வேலை செய்துகொண்டிருக்கிற கொத்தனாரின் கையைப் போய்ப் பிடிக்கிற மருந்தையா முப்பது வருடமாக விழுங்கினோம் என்று அவருக்கு மனசு கசந்தது.

"சரி, இந்த ஆளு கட்டி ஏன் கேக்கல?"

"அதுல இருக்கிற கிருமி வேற ஒரு கொத்தனார வச்சிக்கினு இருக்குதுப்பா. அவன் கைய மருந்தால புடிக்கவே முடியல. மருந்து பக்கத்துல நிக்குது, அவன் பாட்டுக்குக் கட்டிக்கினே போறான்."

"கெட்டிக்காரன்" என்றார் ராசு, தன்னை மறந்து. தன் உடம்பில், தன் இடது பக்கத்தில், அப்படி ஒரு தொழில்காரன் இருந்திருக்கிறான் என்பதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. சுபஸ்ரீ அவரை உற்றுப் பார்த்ததும் சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். அந்தக் கொத்தனாருக்கு யார் தொழில் கற்றுக்கொடுத்தது, மருந்தா என்று கேட்டார். மருந்து கற்றுக்கொடுக்காது என்றாள் அவள். லட்சத்தில் ஒன்றோ இரண்டோ அந்த மாதிரி முன்னாடியே இருக்கும். சும்மா சும்மா கேப்சூல் போட்டால் மற்றதெல்லாம் செத்து இடம் காலியாகும், இது மட்டும் குடும்பம் பெருக்கிப் பட்டா போட்டுக்கொள்ளும்.

மறுநாள் பகலில் ராசு கட்டு மாற்றிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"தங்கதுரை சாருங்களா? லேப்ல இருந்து பேசறேன்."

சுபஸ்ரீயின் குரல். போனை வைத்துவிட்டால் மறுபடியும் அடிப்பாள். பெங்களூரை நினைத்துக்கொண்டு, மூக்கால் குரலை இழுத்து, "ஹவ்து மேடம்" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டார்.

"சாருக்குக் கர்நாடகாங்களா?"

"பார்டர்ல, மேடம்."

ரிப்போர்ட் டாக்டருக்கு அனுப்பியாகிவிட்டது என்று அவள் சொன்னாள். தட்டில் கிருமியை வளர்த்து, மருந்து நனைத்த வில்லைகளைச் சுற்றிலும் வைத்துப் பார்த்ததில், சாருக்குப் பழக்கமான வகை வில்லைகள் எதையும் கிருமி மதிக்கவில்லை, ஒட்டிக்கொண்டே வளர்ந்திருக்கிறது. வேறு வகையில் ஒன்றைச் சுற்றி மட்டும் நல்ல வட்டமாக இடம் காலியாகி இருக்கிறது. அது சுவர்ப் பக்கம் போகாமல், உள்ளே கிருமி தனக்குப் புரதம் செய்துகொள்ளும் சமையல்கட்டில் கைவைக்கிற மருந்து. டாக்டர் எழுதித் தருவார். ஏழு நாளும் போட வேண்டும். மூன்றாம் நாள் நன்றாகிவிட்டது என்று மீதியைச் சட்டைப் பையில் போடக் கூடாது. துண்டு தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுப் பக்கம் கை பட்டால் சோப்புப் போட வேண்டும்.

ராசு ஒவ்வொன்றுக்கும் சரி என்பதற்கு "ஆயித்து" போட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு மரியாதையாக அவள் யாரையும் திட்டி அவர் கேட்டதில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் ஒரு சார் இருந்தது.

கடைசியில் அவள் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "சாருக்கு வூட்ல எடுத்துச் சொல்ல ஆளே இல்லீங்களா?" என்றாள்.

"ஒரு பொண்ணு இருக்குது, மேடம்." கன்னடம் எங்கோ நழுவிவிட்டது. "நல்லாப் படிச்ச பொண்ணு. அது சொல்லிக்கினே தான் இருந்துச்சி. நான் தான் காதுல வாங்கல."

"இனிமே வாங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ராசு போனைப் பார்த்துச் சிரித்தார். ஏமாற்றியாகிவிட்டது என்று ஒரு திருப்தி.

ஏழு நாளும் மாத்திரை போட்டார். நான்காம் நாளே வலி போய்விட்டது. கை சட்டைப் பையை நோக்கிப் போனது, மேடத்தின் குரல் கேட்டது, மாத்திரை வாய்க்குப் போனது. எட்டாம் நாள் டாக்டர் விஜயலட்சுமி பார்த்துவிட்டு, ஆறி வருகிறது, உட்காரலாம் என்றார். ராசு கிளினிக் வாசல்படியிலேயே உட்கார்ந்தார். எழுந்து மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சுபஸ்ரீயிடம், அந்த ஆளுடைய கிருமியை ஒரு தபா பார்க்க முடியுமா, ஒரு தொழில் ஆசைக்குத்தான் என்று கேட்டார். நாளைக்கு வாங்கள் என்றாள். ராசு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். லேபுக்கு மூத்தவர் செந்தமிழ்ச்செல்வி என்பவர், பெரிய கண்ணாடி போட்ட அம்மா. வாசலுக்கே வந்து கைகூப்பினார்.

"வாங்க தங்கதுரை சார். கட்டி எப்படி இருக்குது?"

ராசு மகளைப் பார்த்தார். மகள் மேசைமேல் இருந்த கண்ணாடித் தகட்டை ரொம்பக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். சீட்டில் இருந்த நம்பரைத் தன் செல்போனில் அழுத்தியிருக்கிறாள். பத்தாவது எண்ணை அழுத்தியதும் திரையில் அப்பா என்று வந்திருக்கிறது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது, அதற்கப்புறம்தான் லேப் போனிலிருந்து கூப்பிட்டாள். ரங்கம்மாளுக்கு அதற்கும் முன்பே தெரியும். "துணி தோய்க்கிறவளுக்குத் தெரியாமப் போவுமா" என்று சொன்னாளாம்.

ராசுவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுபஸ்ரீ தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னாள். ஒரு கண்ணை மூடுவது அவருக்குக் கைவந்த வேலை. வெளிச்ச வட்டத்துக்குள் ஊதா உருண்டைகள், திராட்சைக் கொத்து மாதிரி கொத்துக் கொத்தாக. ரொம்ப நேரம் பார்த்தார். சுவர் தெரியவில்லையே என்றார். இதில் தெரியாது, அதற்கு இன்னும் பெரிய மிஷின் வேண்டும், ஊதாவாக நிற்பதுதான் சுவர் இருப்பதற்கு அடையாளம் என்றாள். ஒன்றுகூட மூலை எடுத்துக் கட்டவில்லை, எல்லாம் உருண்டை என்று ராசு குறை சொன்னார். பிறகு, நேர் பார்க்கத் தூக்குக்குண்டு இல்லாமல் உருண்டையாகக் கட்டுவது லேசில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டார். "இது கட்டிக் கிருமி. சளி புடிக்கிற கிருமியோட சுவரு எப்படி?"

"அது வைரஸுப்பா. அதுக்குச் சுவரே கிடையாது."

"கிடையாதுன்னா?"

"இல்லவே இல்ல."

ராசு ஸ்டூலிலேயே இருந்தார். முப்பது வருடத்துச் சளியெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போனது. பெங்களூர்ச் சளி, வெள்ளிமலைச் சளி, மச்சான் கல்யாணத்தில் பிடித்த சளி. ஒவ்வொன்றுக்கும், சுவரே இல்லாத இடத்துக்கு, கொத்தனார் கையைப் பிடிக்கச் சொல்லி ஆளனுப்பியிருக்கிறார்.

"சுவரு இல்லன்னா அது எங்க தான் குடியிருக்கும்?"

"நம்ம செல்லுக்குள்ள. அடுத்தவங்க வூட்டுல தான் இருக்கும்."

ராசு யோசித்தார். வாழ்க்கையில் எத்தனையோ வீடு கட்டிக்கொடுத்தவர், இதை முடிவு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அதோட எல்லாம் எனக்குப் பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

செந்தமிழ்ச்செல்வி டீ வாங்கி வரச் சொன்னார். குடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் ராசு மலையேறினார். அவர் இல்லாத நாட்களில் வேடியப்பன் சும்மா இருக்க மனசில்லாமல் தானாகவே மூன்று வரிசை கல் வைத்திருந்தார். ராசு கயிறு பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல் அளவு வெளியே தள்ளியிருந்தது. வேடியப்பன் தலையைச் சொறிந்தார். ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேல் வரிசைக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துப் பெயர்த்தெடுத்தார்.